கால் வீக்கத்துக்கும் ஒரு மாச பட்ஜெட் வேணும்: லிம்ஃபெடீமா செலவை சம்பளத்துக்குள்ள சமாளிக்கிறது எப்படி?



வீட்டு லோனுக்கு முடியிற தேதி இருக்கு. பைக் இஎம்ஐக்கும் இருக்கு. ஆனா சில மருத்துவச் செலவுக்கு அப்படி ஒரு தேதியே கிடையாது. ஆபரேஷன் மாதிரி ஒரே பில்லா வந்து முடியாது. சின்னச் சின்னதா, ஆயுசு முழுக்க வந்துகிட்டே இருக்கும். அதுல ஒண்ணுதான் லிம்ஃபெடீமா. தமிழ்ல நிணநீர் வீக்கம்.

யானைக்கால் நோய் வந்தவங்களுக்கு இது வரும். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செஞ்சு அக்குள்ல இருக்கிற நிணநீர் முடிச்சுகளை எடுத்தவங்களுக்கும், அங்க கதிர்வீச்சு கொடுத்தவங்களுக்கும் கையில வரலாம். சிலருக்கு பிறவியிலேயே நிணநீர்க் குழாய் சரியா அமையாம வரும். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இது இருந்தா, செலவு பண்றது பெரும்பாலும் வீட்டுல சம்பளம் வாங்குற ஆள்தான். அதாவது நீங்க.

இந்தப் பதிவுல மூணு விஷயம் பாக்கப் போறோம். காசு எதுக்குப் போகுது, அதுல எதை யார் தருவாங்க, மீதியை சம்பளத்துல எப்படி ஒதுக்குறது. ஒண்ணு சொல்லிடுறேன், நான் டாக்டர் இல்ல. சிகிச்சை முடிவு டாக்டர்கிட்டதான். நான் பேசப்போறது பணக் கணக்கு.

முதல்ல நோயைப் புரிஞ்சுக்கலாம், அப்பதான் செலவு புரியும்

நம்ம உடம்புல ரத்தக் குழாய் மாதிரியே நிணநீர்க் குழாய்னு ஒண்ணு இருக்கு. திசுக்கள்ல தேங்குற நீரையும் புரதத்தையும் திரும்ப ரத்தத்துல கொண்டு சேர்க்கிறதும், கிருமிகளை எதிர்க்கிறதும் அதோட வேலை. அது சேதமானா அந்த நீர் கையிலயோ கால்லயோ தேங்கிடும்.

ஆரம்பத்துல ராத்திரி காலைத் தூக்கி வச்சுப் படுத்தா காலையில வீக்கம் குறையும். கவனிக்காம விட்டா, போகப்போக குறையாது. தோல் தடிச்சு, கொழுப்பும் நாரும் சேர்ந்து கெட்டியாகிடும். கடைசி நிலையிலதான் நம்ம ஊர்ல சொல்ற யானைக்கால் உருவம் வரும்.

சேதமான குழாயை பழையபடி ஆக்குற மருந்து இன்னைக்கு இல்ல. யானைக்கால் புழுவைக் கொல்ற மாத்திரை இருக்கு, அது நோய் பரவுறதைத் தடுக்கும். ஆனா ஏற்கெனவே கெட்டுப்போன குழாயை அது சரி பண்ணாது. மற்ற வீக்கத்துக்குக் கொடுக்கிற நீர் மாத்திரையும் இதுக்குத் தீர்வு இல்ல. தேர்ந்தெடுத்த சிலருக்கு மைக்ரோ சர்ஜரி செய்றாங்க. அதுக்கு அப்புறமும் பலருக்கு அழுத்த உறை போட வேண்டியிருக்கும்.

அதனால "ஒரே தடவை இவ்வளவு கட்டுங்க, நிரந்தரமா குணமாகும்"னு யாராவது பேக்கேஜ் சொன்னா, பர்ஸை உள்ள வைங்க. இந்த நோய்ல குணம்னா வீக்கத்தைக் குறைச்சு, குறைஞ்சதை அப்படியே காப்பாத்துறது. அதை நிறைய பேர் நல்லாவே செய்றாங்க.

இதுலயும் ஒரு கூட்டு வட்டி இருக்கு

நிணநீர் தேங்கின கால்ல கிருமியை எதிர்க்கிற சக்தி குறைவு. விரல் இடுக்குல சேத்துப்புண், குதிகால்ல பித்தவெடிப்பு, ஒரு சின்ன முள் குத்து போதும். உள்ள கிருமி போய், திடீர்னு குளிர் காய்ச்சல் வந்து, கால் சிவந்து, சூடாகி, வலி தாங்க முடியாம போகும். இதுக்கு செல்லுலைட்டிஸ்னு பேரு.

ஒவ்வொரு தடவை இது வரும்போதும் மிச்சமிருக்கிற நிணநீர்க் குழாயும் கெடுது. வீக்கம் கூடுது. வீக்கம் கூடினா அடுத்த காய்ச்சல் இன்னும் சுலபமா வருது. நம்ம எஸ்ஐபியில நமக்காக வேலை செய்ற கூட்டு வட்டி, இங்க நமக்கு எதிரா வேலை செய்யுது.

இதை உடைக்கிறதுக்குத் தேவையானது ரொம்ப மலிவான பொருள்: சோப்பு, தண்ணி, துண்டு. தினமும் காலைக் கழுவி, விரல் இடுக்குல ஈரம் இல்லாம துடைச்சு, தோல் வறண்டு போகாம க்ரீம் தடவி, சேத்துப்புண் இருந்தா டாக்டர் சொன்ன பூஞ்சை மருந்தைப் போடணும். வெறுங்காலோட நடக்கக் கூடாது. இந்தப் பட்டியல்ல விலை அதிகமா இருக்கப் போறது செருப்புதான்.

காசு போற மூணு இடம்

ஒண்ணு, ஆரம்பத் தீவிர சிகிச்சை. பொதுவா ரெண்டுல இருந்து நாலு வாரம். பயிற்சி எடுத்த பிசியோதெரபிஸ்ட் நிணநீரை நகர்த்துறதுக்கு மெதுவா நீவி விடுவாங்க. எண்ணெய் ஊத்தி அழுத்தித் தேய்க்கிற மசாஜ் வேற, இது வேற. அப்புறம் பல அடுக்கா பேண்டேஜ் கட்டி, கட்டோடயே உடற்பயிற்சி செய்யச் சொல்வாங்க. இங்க கட்டுறது ஷார்ட் ஸ்ட்ரெச் பேண்டேஜ், அதாவது அதிகமா இழுபடாத துணி. மெடிக்கல்ல சுளுக்குக்கு வாங்குற கிரேப் பேண்டேஜ் அந்த வேலையைச் செய்யாது. தப்பா இறுக்கிக் கட்டினா கெடுதல்.

ரெண்டு, ஆயுசு முழுக்கப் பராமரிப்பு. கால்னா ஸ்டாக்கிங், கைன்னா ஸ்லீவ். காலையில எழுந்ததும் போட்டு, ராத்திரி படுக்கும்போது கழட்டணும். துவைச்சுத் துவைச்சு அதோட இழுவை போயிடும். அதனால சுமார் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும். ஒண்ணு துவைச்சுக் காயும்போது இன்னொண்ணு போடணும்னா எப்பவும் ரெண்டு வேணும். அளவு எடுத்து, எவ்வளவு அழுத்தம்னு டாக்டர் எழுதிக் கொடுத்ததை மட்டும் வாங்குங்க. சர்க்கரை நோய், இதய நோய், காலுக்கு ரத்த ஓட்டம் குறைவு இருந்தா அதைப் பரிசோதிக்காம அழுத்தக் கட்டு போடவே கூடாது.

மூணு, காய்ச்சல் வந்தா ஆஸ்பத்திரிச் செலவு. அதோட நீங்க லீவு போடுற சம்பள இழப்பு. இதை யாரும் கணக்குல சேக்குறதில்ல.

கரியாலூர் கணக்கு

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். உங்க வீடு கள்ளக்குறிச்சி மாவட்டம், கல்வராயன் மலையில கரியாலூர். வேலை ஓசூர்ல. சம்பளம் மாசம் ₹24,000. அம்மாவுக்கு ஒரு கால்ல நிணநீர் வீக்கம். மரவள்ளிக் காட்டுல வேலை செய்றவங்க. மலையில இருந்து இறங்கி கள்ளக்குறிச்சி போய் வர்றதுக்கே ஒரு நாள் கூலி போயிடும்.

கீழ இருக்கிற தொகையெல்லாம் கணக்கு புரியறதுக்காக நான் வச்சுக்கிட்டது. நீங்க விசாரிச்ச விலையைப் போட்டு மாத்திக்கோங்க.

பராமரிப்புச் செலவு:
- ஸ்டாக்கிங் ஒண்ணு ₹3,000, ஆறு மாசத்துக்கு ரெண்டு. வருஷத்துக்கு ₹12,000, மாசம் ₹1,000
- சோப்பு, க்ரீம், பூஞ்சை மருந்து: மாசம் ₹300
- மூணு மாசத்துக்கு ஒரு தடவை பரிசோதனை, பஸ், அன்னைக்குப் போற கூலி சேர்த்து ₹1,500. மாசக் கணக்குல ₹500
- மொத்தம் மாசம் ₹1,800, வருஷத்துக்கு ₹21,600

பராமரிக்காம விட்டா:
- ஒரு செல்லுலைட்டிஸ், அஞ்சு நாள் தனியார் ஆஸ்பத்திரி: ₹15,000
- நீங்க ஓசூர்ல இருந்து வந்து அஞ்சு நாள் சம்பளமில்லா லீவு, நாளுக்கு ₹800: ₹4,000
- ஒரு தடவைக்கு ₹19,000. வருஷத்துல ரெண்டு தடவை வந்தா ₹38,000

பணம் மட்டும் இல்ல, ஒவ்வொரு தடவையும் அம்மாவோட கால் கொஞ்சம் கொஞ்சமா பெருசாகும். நாளைக்குக் காட்டுக்குப் போக முடியாம, வீட்டு வாசலைத் தாண்ட முடியாம போகலாம். மாசம் ₹1,800 தடுக்கிறது அதைத்தான்.

பராமரிச்சாலும் காய்ச்சல் வரவே வராதுன்னு உத்தரவாதம் இல்ல. ஆனா வர்ற வாய்ப்பு நல்லாவே குறையும்.

லோன் போட்டு மெஷின் வாங்கலாமா?

காத்தால காலை அழுத்தி விடுற பம்ப் மெஷின் இருக்கு. சிலருக்கு டாக்டர் சொல்வாங்க. ஆனா அது துணைக்கு. ஸ்டாக்கிங், தோல் பராமரிப்பு ரெண்டையும் விட்டுட்டு மெஷினை மட்டும் வச்சா பலன் நிக்காது.

₹60,000க்கு மெஷின்னு வச்சுக்குவோம். பர்சனல் லோன், 16% வட்டி, 24 மாசம். இஎம்ஐ சுமார் ₹2,938. மொத்தம் கட்டுறது சுமார் ₹70,500. மாசம் ₹1,800 பராமரிப்புக்கே திணறுற வீட்டுல இந்த இஎம்ஐயும் சேர்ந்தா முதல்ல நிறுத்துறது எதை? ஸ்டாக்கிங் மாத்துறதை. இதுதான் ஆபத்து. முதல்ல ஆறு மாசம் பராமரிப்பை ஒழுங்கா ஓட்டுங்க. அதுக்கப்புறமும் டாக்டர் பம்ப் வேணும்னா, சேர்த்து வச்சு வாங்குங்க.

யார் எதைத் தருவாங்க?

*அரசு ஆஸ்பத்திரி:* முதல் படி மலையில உள்ள ஆரம்ப சுகாதார நிலையம். அங்க இருந்து பரிந்துரை வாங்கிகிட்டு சிறுவங்கூர்ல இருக்கிற கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். 2022 ஜனவரியில தமிழ்நாட்டுல ஒரே நாள்ல திறந்த 11 மருத்துவக் கல்லூரிகள்ல இதுவும் ஒண்ணு. அதுக்கும் மேல தேவைன்னா புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சிஎம்சி. காய்ச்சல் வந்தா அதே நாள்ல பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனா, மேல நான் போட்ட ₹15,000 பெரும்பாலும் மிச்சம்.

*மக்களைத் தேடி மருத்துவம்:* 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தொடங்கின திட்டம். பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வர்றது எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறதும் இதுல இருக்கு. மலை கிராமத்துக்கு இது பெரிய விஷயம். ஊருக்கு வர்ற சுகாதாரப் பணியாளர்கிட்ட பேரைப் பதிஞ்சு கேளுங்க.

*யானைக்காலா இருந்தா:* யானைக்கால் ஒழிப்புத் திட்டத்துல கால் பராமரிப்புக்கு டப், மக், சோப்பு, துண்டு, பூஞ்சை க்ரீம் அடங்கின கிட் கொடுக்கிறாங்க. முற்றின நான்காம் நிலை நோயாளிகளுக்குத் தமிழ்நாடு அரசு மாசம் ₹1,000 உதவித்தொகை தருது. வீக்கத்துக்குக் காரணம் யானைக்காலா வேற எதாவதான்னு உறுதி செஞ்ச சீட்டு இருந்தாதான் இது கிடைக்கும். அதனால முதல் செலவு சரியான நோயறிதலுக்குப் போகட்டும்.

*முதல்வர் காப்பீட்டுத் திட்டம்:* குடும்பத்துக்கு வருஷம் ₹5 லட்சம் வரைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் ₹1,20,000க்குள்ள இருக்கணும். உங்க பேரும் அம்மா ரேஷன் கார்டுலயே இருந்தா உங்க சம்பளமும் கணக்குல வரும்னு ஞாபகம் வச்சுக்கோங்க. இது ஆஸ்பத்திரியில சேர்ந்து எடுக்கிற சிகிச்சைக்கு. மாசச் செலவுக்கு இல்ல.

*இஎஸ்ஐ:* சம்பளம் ₹21,000 வரைக்கும் உள்ளவங்களுக்கு. பிடித்தம் வெறும் 0.75%. ₹18,000 சம்பளம்னா மாசம் ₹135. "இது எதுக்குப் பிடிக்கிறாங்க"னு சலிச்சுக்கிறவங்க கவனிங்க: வெளிநோயாளி சிகிச்சையும் மருந்தும் இதுல உண்டு. தனியார் பாலிசி பெரும்பாலானதுல அது கிடையாது. உங்களைச் சார்ந்து வாழ்ற பெற்றோரையும், வருமான வரம்புக்குள்ள இருந்தா, சேர்க்கலாம். நோய் உங்களுக்கே இருந்தா, காய்ச்சல்ல லீவு போடுற நாளுக்கு சம்பளத்துல 70% நோய்க்காலப் பணமா வரும், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும். அம்மாவைப் பாத்துக்கிறதுக்குப் போடுற லீவுக்கு இது பொருந்தாது.

*கம்பெனி குரூப் இன்சூரன்ஸ்:* பல கம்பெனியில ஏற்கெனவே இருக்கிற நோய்க்கும் முதல் நாள்ல இருந்தே கவர் உண்டு. பெற்றோரைச் சேர்க்கிறதுக்கு வேலையில சேரும்போதும், வருஷா வருஷம் புதுப்பிக்கும்போதும்தான் வாய்ப்பு வரும். எச்ஆர் அனுப்புற அந்த மெயிலைத் திறக்காம விட்டா ஒரு வருஷம் போச்சு.

*தனியா எடுக்கிற பாலிசி:* ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூணு வருஷம். 2024ல ஐஆர்டிஏஐ இதை நாலுல இருந்து மூணா குறைச்சது. வீக்கத்தை மறைச்சு பாலிசி எடுக்காதீங்க. பிரீமியம் கட்டிட்டு க்ளெய்ம் நேரத்துல வெறுங்கையோட நிக்க வேண்டியிருக்கும். செல்லுலைட்டிஸுக்கு அட்மிட் ஆனா க்ளெய்ம் செய்யலாம். ஸ்டாக்கிங், பேண்டேஜ், பிசியோ மாதிரி அட்மிட் ஆகாம வர்ற செலவுக்குப் பெரும்பாலும் கிடைக்காது.

இப்ப ஒரு விஷயம் கவனிச்சீங்களா? கால் கெட்டுப் போனா பணம் தர்றதுக்கு திட்டம் இருக்கு. கால் கெடாம இருக்கத் தேவையான ஸ்டாக்கிங்குக்கு பெரும்பாலும் உங்க சம்பளம்தான். அதனாலதான் இதை அவசரச் செலவுல போடாம, வாடகை மாதிரி மாசப் பட்ஜெட்ல போடச் சொல்றேன்.

வரியில மிச்சம் பண்ண முடியுமா?

பழைய வரித் திட்டத்துல இருக்கிறவங்களுக்கு மட்டும் இது. புதிய திட்டத்துல இந்தக் கழிவுகள் இல்ல. வருஷ வருமானம் ₹12 லட்சத்துக்குள்ளன்னா புதிய திட்டத்துல பெரும்பாலும் வரியே வராது, இந்தப் பகுதியைத் தாண்டிடலாம்.

- 80டி: 60 வயசு தாண்டின அம்மா அப்பாவுக்கு இன்சூரன்ஸ் இல்லன்னா, நீங்க செய்ற மருத்துவச் செலவை ₹50,000 வரைக்கும் கழிக்கலாம். ரொக்கமா கொடுத்தா கழிக்க முடியாது. யுபிஐயில கட்டி, பில்லை போட்டோ எடுத்து வைங்க.
- 80டிடி: உங்களைச் சார்ந்தவருக்கு 40%க்கு மேல மாற்றுத்திறன்னு அரசு சான்று இருந்தா ₹75,000, 80%க்கு மேலன்னா ₹1,25,000. லிம்ஃபெடீமா 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தோட பட்டியல்ல தனிப் பேரா இல்ல. நடமாட்டம் எவ்வளவு பாதிச்சிருக்குன்னு மருத்துவர் மதிப்பிட்டுதான் சொல்வார்.

2025ல வந்த புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல்ல இருந்து நடைமுறைக்கு வருது. அதுல பிரிவு எண்கள் மாறியிருக்கு. ஆபீஸ்ல டிக்ளரேஷன் கொடுக்கும்போது எண்ணைச் சரிபாருங்க.

இந்த மாசமே செய்ய வேண்டியது

1. தனியா ஒரு சேமிப்புக் கணக்கு. சம்பளம் வந்த மறுநாள் ₹1,800, அல்லது உங்க கணக்குல வந்த தொகை, தானா அதுல போற மாதிரி ஆட்டோ டெபிட் போடுங்க.

2. ஸ்டாக்கிங் மாத்துற தேதியை போன் காலண்டர்ல போடுங்க. "இன்னும் கிழியலையே"ன்னு அம்மா சொல்வாங்க. கிழியாம இருந்தாலும் அழுத்தம் போயிருக்கும். உங்க காசு செலவாகுதேன்னுதான் அப்படிச் சொல்வாங்க, நீங்க வாங்கிக் கொடுத்துடுங்க. மழைக் காலத்துல மலையில துணி காய நாளாகும். ரெண்டாவது செட் கட்டாயம் இருக்கட்டும்.

3. ஒரு டேப் வாங்கிக் கொடுங்க. கணுக்கால், கெண்டைக்கால், முழங்காலுக்கு மேலன்னு எப்பவும் ஒரே இடத்துல, ஒரே நேரத்துல மாசம் ஒரு தடவை அளந்து வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க. எஸ்ஐபி ஸ்டேட்மென்ட் பாக்குற மாதிரி பாருங்க. கூடிகிட்டே போனா அடுத்த காய்ச்சலுக்குக் காத்திருக்காம டாக்டரைப் பாருங்க.

4. காய்ச்சல் நிதியா ஒரு தடவைக்கான தொகையை, நம்ம கணக்குல ₹19,000, எமர்ஜென்சி ஃபண்டுக்குள்ள தனியா ஒதுக்குங்க. மாசம் ₹1,000 போட்டாலும் 19 மாசத்துல சேர்ந்துடும்.

5. வீட்டுல ஒருத்தருக்குக் கட்டு கட்டக் கத்துக் கொடுக்கச் சொல்லுங்க. கேரளா காசர்கோட்டுல இன்ஸ்டிடியூட் ஆஃப் அப்ளைடு டெர்மட்டாலஜி இப்படித்தான் செய்றாங்க. தோல் பராமரிப்பு, யோகா, அழுத்தக் கட்டு எல்லாத்தையும் நோயாளிக்கும் வீட்டாருக்கும் கத்துக் கொடுத்து வீட்டுல தொடரச் சொல்றாங்க. தங்கச்சிக்குக் கட்டத் தெரிஞ்சா ஒவ்வொரு தடவையும் பஸ் ஏற வேண்டாம்.

கடைசியா, பட்ஜெட் பாக்கக் கூடாத ரெண்டு நேரம். காய்ச்சலோட கால் சிவந்து சூடா இருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி. டாக்டர் சொல்ற வரைக்கும் ஸ்டாக்கிங் போட வேண்டாம். ஒரு கால் திடீர்னு வலியோட வீங்கினாலோ, கூடவே மூச்சு வாங்கினாலோ அது ரத்தக் கட்டியா இருக்கலாம். 108க்கு போன் பண்ணுங்க.

நம்ம சேனல்ல எமர்ஜென்சி ஃபண்ட் வீடியோவுல காட்டின அதே எக்ஸெல் ஷீட்ல "கால் பராமரிப்பு"ன்னு ஒரு வரி சேர்த்து இன்னைக்கே போட்டுப் பாருங்க. அம்மாகிட்ட பேசும்போது "சாப்டியா"ன்னு அவங்க கேக்குறதுக்கு முன்னாடி, "இன்னைக்கு கால் கழுவி ஸ்டாக்கிங் போட்டியாம்மா"ன்னு நீங்க கேளுங்க. அடுத்த பதிவுல பெற்றோருக்கான ஹெல்த் இன்சூரன்ஸை எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னு பாக்கலாம்.